பதினொரு நாள் களிம்பு

பழசு செய்வது என் தொழில்.
போன தையில் வார்த்த குத்துவிளக்கைப்
பதினொரு நாளில்
நூறு வயதுக்குக் கொண்டுவந்து விடுவேன்.

ஆனையிறவு உப்பு ஒரு சுண்டு,
பனங்கள்ளு புளித்த வினாகிரி அரைப் போத்தல்,
பக்கத்து வளவுச் சிவலைப் பசுவின் மூத்திரம்
(அதற்கு மாதம் இருநூறு ரூபா).
மரத்தூளில் குழைத்து
வாளிக்குள் விளக்கைத் தாட்டு மூடினால்
மூன்றாம் நாள் கறுக்கும்,
ஆறாம் நாள் பச்சை பிடிக்கும்,
ஒன்பதாம் நாள்
பாசியா நீலமா என்று அதுவே முடிவெடுக்கும்.
மிச்ச இரண்டு நாளும்
கொட்டடிக் கடற்காற்றின் பாடு.

வெள்ளிக்கிழமைகளில் கோயில் ஒலிபெருக்கியில்
பிரசங்கியார் சொல்லுவார்:
செம்பு என்று உண்டோ அன்றே களிம்பும் உண்டு,
உயிரும் மலமும் அப்படித்தான்,
முன்னது பின்னது கிடையாது.
வாளியைக் கிளறியபடி நினைத்துக்கொள்வேன்:
ஐயா, எனக்குப் பதினொரு நாள் காணும்.

கொழும்பிலிருந்து வான் பிடித்து வரும் நஸ்ருதீன் முதலாளி
விளக்கைத் தட்டிப் பார்ப்பார்,
மணந்து பார்ப்பார்.
போன முறை ஏழையும் திருப்பி வைத்தார்.
"குகதாசன், பச்சை நல்ல பச்சைதான்.
ஆனா எல்லா இடமும் ஒரே பச்சை.
இத ஒருத்தரும் தொட்டதில்ல."

அடுத்த கிழமை
உரும்பிராயிலிருந்து ஒரு மனுசி வந்தா.
பேப்பருக்குள் சுற்றிய சைக்கிள் மணி.
"கிணறு இறைச்சனாங்கள். அடிச்சேத்துக்குள்ள கிடந்தது.
மினுக்கித் தருவீங்களோ?"

தேசிக்காய், சாம்பல், கடைசியில் பிராசோ.
பத்து நிமிச வேலை.
ஆனால் கையில் எடுத்தபின் வைக்க முடியவில்லை.
என் வாளி ஒருநாளும் தராத பச்சை:
விளிம்பில் பல்லுக் காரை போலப் பொருக்கு,
உச்சியில் முட்டைக்கோது போல வழுவழுப்பு,
நடுவில் சேறு படிந்த ஏதோ ஒரு மாரி.
பெருவிரல் அழுத்துகிற நாக்கில்
ஒரு சின்னக் குழி.
சற்றே இடப்பக்கம் சரிந்து,
ஒரு பயறு படுக்கும் அளவு.
அங்கே மட்டும் களிம்பு
கூச்சப்பட்டது போல மெல்லிசாய்.

ஆர் ஓடின சைக்கிள் என்று நான் கேட்கவில்லை.
அந்த ஐப்பசியில்
ஊரோடு வெளிக்கிட்ட இரவு
கிணற்றுக்குள் என்னென்ன போட்டோம் என்று
ஒவ்வொரு வளவுக்கும் ஒரு கணக்கிருக்கிறது.
எங்களது: ஒரு தையல் மெசின் தலை, இரண்டு அண்டா.
அண்டா ஒன்றுதான் திரும்பி வந்தது.

"மினுக்கினா எல்லா இடமும்
ஒரே மாதிரி மினுங்கும், அக்கா" என்றேன்.
கொஞ்ச நேரம் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றா.
"அப்ப, அடிச்சாக் காணும்."

மெசின் எண்ணெய் நாலு துளி.
செத்த சுருளுக்குப் பதில்
கஸ்தூரியார் வீதியில் வாங்கின புதுச் சுருள்,
நூற்றிருபது ரூபா.
க்ரக்.
திரும்பவும் க்ரக்.
பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு
ஒரேயொரு கிணிங்.

தானும் ஒருமுறை அடித்துப் பார்த்தா.
பெருவிரலால் அல்ல,
சுட்டுவிரல் நுனியால்,
குழியில் படாமல்.
பேப்பரை அதே மடிப்பில் மடித்துச் சுற்றிக்கொண்டு போய்விட்டா.

அன்றிரவு
ஒன்பதாம் நாள் விளக்கொன்றை வெளியே எடுத்தேன்.
ஒருவரும் ஏற்றாத விளக்கை
ஆர் ஏற்றியிருப்பா?
கட்டையோ நெட்டையோ?
எந்தக் கையால் திரி தூண்டுவா?
இடக்கை என்று வைத்துக்கொண்டேன்.
விரலில் ஒரு மோதிரம், அது கொஞ்சம் லூஸ்,
தண்டைப் பிடிக்கிற போதெல்லாம் ஒரு கீறல்.
சாமம் தாண்டும் வரை
அவவின் பெருவிரலாய் என் பெருவிரலைத்
தேய்த்துக்கொண்டிருந்தேன்.

நஸ்ருதீன் முதலாளி தட்டவில்லை, மணக்கவில்லை.
கழுத்தில் விரல் வைத்தார், எடுத்தார்.
"இது ஒரு வீட்டில இருந்தது."
நாலாயிரம் கூடத் தந்தார்.
எண்ணி வாங்கினேன்.

மத்தியானம் சோறு குழைக்கையில்
நகக்கண்ணில் இன்னும் பச்சை.
சன்லைட் போட்டு மூன்று தரம் கழுவியாயிற்று.
பருப்புக்கறி பித்தளையாய்க் கசக்கிறது.